சாயம் ஏறியது, பிடிக்கவில்லை: வாசகர் கேள்வி–பதில்

கோடை விடுமுறை முடிந்த கையோடு இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. வெள்ளைச் சட்டையையோ பனியனையோ நூலாலும் ரப்பர் பேண்டாலும் கட்டி, வீட்டிலேயே சாயம் தோய்க்க முயன்று, அது நினைத்தபடி வராமல் போன கதையைத்தான் ஒவ்வொருவரும் எழுதியிருந்தார்கள். ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, முடிச்சுச் சாயம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

என் மகனின் வெள்ளைச் சட்டையை ரப்பர் பேண்டுகளால் கட்டி, மளிகைக் கடையில் வாங்கிய சாயப் பொட்டலத்தை வெந்நீரில் கரைத்து, உப்பும் வினிகரும் சேர்த்துத் தோய்த்தேன். உலர்ந்தபோது கண்ணைப் பறிக்கும் சிவப்பாக இருந்தது. இரண்டு முறை துவைத்ததும் முழுச் சட்டையும் வெளிறிய ரோஜா நிறமாகி, எங்கே கட்டினேன் என்பதே தெரியாமல் போய்விட்டது. எங்கே தவறு செய்தேன்?
– வாசகி, சின்னாளபட்டி

நீங்கள் கட்டியதில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. சாயம் துணியில் ஏறுவது வேறு, துணியைப் பிடிப்பது வேறு. உங்கள் சட்டையில் அது ஏறியதே தவிரப் பிடிக்கவில்லை. மளிகைக் கடைகளில் சிறு பொட்டலமாகக் கிடைப்பவை பெரும்பாலும் நேரடிச் சாயங்கள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. அவை பருத்தி இழையை ஒட்டிக்கொண்டு நிற்கின்றனவே ஒழிய இழையோடு இழையாக இணைவதில்லை என்பதால், ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகின்றன. கழன்று வருவது சாக்கடைக்குப் போனாலும் பரவாயில்லை, அது வாளியிலேயே சுற்றி, நீங்கள் அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய வெள்ளை வட்டங்களில் போய்க் குடியேறிவிடுகிறது. சட்டை முழுவதும் ஒரே ரோஜா நிறமானதற்குக் காரணம் அதுதான்.

பருத்திக்கு ஏற்றது ரியாக்டிவ் சாயம். 1856இல் பெர்கின் என்ற இளம் ஆங்கில வேதியியலாளர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1956இல், இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் இவ்வகைச் சாயங்களை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. காரத்தன்மையுள்ள நீரில் இந்தச் சாயம் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு கொண்டு, இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அப்படி இணைந்தது சோப்புக்கும் வெந்நீருக்கும் அசைவதில்லை. சாயக்கடையில் 'கோல்டு பிராண்டு' (தங்கம் அன்று, குளிர் என்று பொருள்படும் cold) என்று கேளுங்கள். டப்பாவின் மேல் நிறத்தின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்து தனியாக வந்தால் (சிவப்பு எம்5பி என்பதுபோல) அது அறை வெப்பத்திலேயே பிடிக்கும் வகை. 'எச்' என்று இருந்தால் ஏறத்தாழ 80 டிகிரி சூடு வேண்டும். வீட்டு வேலைக்கு அது ஒத்துவராது.

அந்தக் காரத்தன்மையைத் தருவது சோடா. நீங்கள் சேர்த்த வினிகரோ அமிலம். பட்டுக்கும் கம்பளிக்கும் உரிய அமிலச் சாயங்களுக்கு அது உதவும்; பருத்திக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, சோடா இருக்கும் இடத்தில் ஊற்றினால் சோடாவின் வேலையையும் கெடுத்துவிடும். வினிகர் போட்டால் சாயம் நிற்கும் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ, எனக்கு வரும் கடிதங்களில் பாதியில் அதுதான் முதல் வரி.

சாயத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் துணியையும் விசாரிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் முழுப் பருத்தி என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன ஒரு சட்டையை வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதற்காகச் செலவிட்டு, மறுநாள் அலசியபோது நீலம் அத்தனையும் வாளியில் இறங்கிவிட, கையில் மிஞ்சியது மழையில் நனைந்த சுவரொட்டியைப் போல இருந்ததைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அதன் உள்தையல் ஓரத்துத் துணியிலிருந்து (தைத்த நூலிலிருந்து அன்று) நான்கு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டியபோதுதான் விவரம் தெரிந்தது. பருத்தி காகிதத்தைப் போல எரிந்து, விரலால் தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகுபோல் கெட்டியான மணியாக நிற்கும். என் இழைகளின் நுனியில் நின்றது அந்த மணிதான். அதற்குப் பிறகு எந்தத் துணியையும் கொளுத்திப் பார்க்காமல் நான் நனைப்பதில்லை. முழுப் பருத்திச் சட்டையிலும் தைத்த நூல் பாலியெஸ்டராக இருக்கக்கூடும். சட்டை முழுவதும் நீலமாகி, தையல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நிற்பது அதனால்தான். அது உங்கள் தவறன்று.

துணி பருத்திதான் என்று உறுதியான பின்னும் ஒரு வேலை இருக்கிறது. புதுத் துணியில் ஆலைக் கஞ்சியும் மெழுகும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் விட்டுப் பாருங்கள். இரண்டு நொடியில் உறிஞ்சிக்கொண்டால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றால், சாயமும் அப்படித்தான் நிற்கும். அத்தகைய துணியைச் சோப்புத்தூளும் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவும் கலந்த கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிவிட வேண்டும். வெள்ளாவி வைத்தவர்கள் உவர்மண்ணைக் கரைத்து நனைத்து, ஆவியில் வேகவைத்து அழுக்கை எடுத்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான். துணியை மென்மையாக்கும் நறுமணத் திரவத்தைக் கடைசி அலசலில் ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் சாயம் இடவிருக்கும் துணிக்கு அதைத் தவிர்த்துவிட வேண்டும். அது இழையின் மேல் ஒரு படலமாகப் படிந்து சாயத்தை உள்ளே விடாது.

சோடா என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆப்ப சோடாவா, சலவைச் சோடாவா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

சலவைச் சோடாதான். ஆப்ப சோடாவின் காரத்தன்மை மிகவும் குறைவு. அதில் ஊறவைத்த துணியில் சாயம் அரைகுறையாகத்தான் பிடிக்கும். சலவைச் சோடாவிலும் இரண்டு உருவங்கள் உண்டு என்பதைக் கவனியுங்கள். சாயக்கடையில் கிடைப்பது 'சோடா ஆஷ்' எனப்படும் உலர்ந்த மாவு. மளிகைக் கடையில் சில சமயம் கண்ணாடித் துண்டுபோல் படிகமாகக் கிடைக்கும். அந்தப் படிகத்தின் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் நீர்தான். ஆகவே மாவாக 100 கிராம் வேண்டிய இடத்தில் படிகம் ஏறத்தாழ 270 கிராம் வேண்டும். அளவுக் குறிப்பை அப்படியே பின்பற்றியும் நிறம் வெளிறிவிட்டது என்று எழுதுபவர்களில் சிலர் இந்த இடத்தில்தான் வழுக்கியிருக்கிறார்கள். படிகம் வெளிக்காற்றில் கிடந்தால் நீரை இழந்து மேலே வெள்ளை மாவாகப் பூத்துவிடும் என்பதால், பாதி படிகமும் பாதி மாவுமாக இருக்கும் பழைய பொட்டலத்தை நம்பி எடை போடாதீர்கள்.

ஒரே ஒரு பனியனுக்கு, முதல் அடியிலிருந்து கடைசி அலசல் வரை அளவோடு எழுத முடியுமா? சுருள் வடிவம் வேண்டும்.
– வாசகி, தஞ்சாவூர்

எழுதுகிறேன். இடையில் சில இடங்களில் என் சொந்தப் பழக்கங்கள் நுழைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி நீக்கிய பனியனை நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மேசையின் மேல் சுருக்கமில்லாமல் விரித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த துணியைவிட ஈரத் துணியில் மடிப்பு அழகாக உட்காரும். மார்புப் பகுதியின் நடுவில் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து, கடிகாரமுள் சுற்றும் திசையில் மெல்லத் திருகுங்கள். துணி நடுவில் கூம்பாக எழும்பப் பார்க்கும். மற்றக் கையின் உள்ளங்கையால் அதை அழுத்திக்கொண்டே வர வேண்டும். எழும்பிய கூம்பை அப்படியே விட்டுவிட்டால், உள்ளே மறைந்த துணிக்குச் சாயம் போகாமல் நடுவில் பெரிய வெள்ளைத் திட்டு விழும். கைப்பகுதியும் அடிப்பகுதியும் உள்ளே இழுக்கப்பட்டு, முழுப் பனியனும் ஊத்தப்பம்போல் தட்டையான வட்டமாக வந்து நிற்கும்போது, கலையாமல் மூன்று ரப்பர் பேண்டுகளை மையத்தில் ஒன்றையொன்று வெட்டும்படி மாட்டுங்கள். வட்டம் ஆறு பங்காகப் பிரியும். அந்த ஆறு பங்கில்தான் நிறங்கள் விழப்போகின்றன.

அடுத்து, 2 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சோடா ஆஷ் கரைத்து, கட்டிய பனியனை அதில் 20 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். துணியை முதலில் சோடாவில் ஊறவைத்துவிட்டுப் பிறகு கட்டச் சொல்பவர்களும் உண்டு. சோடாவில் நனைந்த துணியை வெறுங்கையால் திருகினால் விரல்நுனி வறண்டு எரியும், கையுறையோடு திருகினால் மடிப்பு கைக்கு அடங்காது என்பதால், நான் கட்டிவிட்டே ஊறவைக்கிறேன். உள்மடிப்புகளுக்குச் சோடா போய்ச் சேராதே என்று கேட்கலாம். சோடாவே புகாத இறுக்கமான இடத்தில் சாயமும் புகப்போவதில்லை.

பனியன் ஊறும் நேரத்தில் சாயத்தைக் கரைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் தூள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு போதும். கறுப்புக்கு மட்டும் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்புகள் சாயத்தையும் சோடாவையும் கெடுக்கும். உங்கள் ஊர்த் தண்ணீர் கடினமானதாக இருந்தால், சாயம் கரைக்க மட்டுமாவது கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். முதலில் இரண்டு தேக்கரண்டி தண்ணீரில் தூளைக் கட்டியில்லாமல் குழைத்துவிட்டு, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றினால் நீலச் சட்டையில் திடீரென்று ஊதாப் புள்ளிகள் தோன்றாது. கரைசலைத் தக்காளிச் சாறு ஊற்றும் கூர்மூக்குப் பாட்டிலில் அடைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

ஊறிய பனியனை வெளியே எடுத்து, வட்டம் கலையாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிழியுங்கள். ஒரு கம்பித் தட்டின் மேல் வைத்து, பங்குவாரியாகச் சாயம் ஊற்றுங்கள். மேலாக நனைத்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பாட்டிலின் மூக்கை மடிப்புக்குள் நுழைத்து, துணி குடிக்கும்வரை கொடுத்து, திருப்பிப் போட்டு அதே பங்கில் அதே நிறத்தை மறுபடியும் கொடுக்க வேண்டும். ஒரு பனியனுக்கு எல்லா நிறமுமாகச் சேர்த்து ஏறத்தாழ 250 மில்லி செலவாகும்.

பிறகு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி வைத்துவிடுங்கள். துணி ஈரமாக இருக்கும்வரைதான் சாயம் இழையோடு இணையும். காய்ந்துவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். நம் ஊர் வெயில் காலத்தில் எட்டு மணி நேரம் போதும், மார்கழிக் குளிரிலோ குளிர்சாதன அறையிலோ ஒரு நாள் முழுக்க விடுங்கள். மாலையில் கட்டி வைத்துவிட்டுக் காலையில் பிரிப்பதே பிள்ளைகளின் பொறுமைக்கும் ஏற்றது.

அலசலுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கட்டைப் பிரிக்காமலேயே குழாயடியில் குளிர்ந்த நீரில் சோடாவின் வழுவழுப்புப் போகும்வரை அலசுங்கள். பிறகு ரப்பர் பேண்டுகளைக் கழற்றி, விரித்து, நீர் ஓரளவு தெளியும்வரை மறுபடி குளிர்ந்த நீர். அதன்பின்தான் சோப்புத்தூள் கலந்த கொதிக்கும் சூடான நீரில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். தண்ணீரோடு சேர்ந்து வீணாகிப்போன சாயம் துணியில் வெறுமனே தங்கியிருக்கும். அதைக் கிளப்பி வெளியேற்றுவது சூடுதான். சோடா போவதற்கு முன்னால் சூட்டைக் காட்டினால், இன்னும் உயிரோடிருக்கும் சாயம் வெள்ளையில் பிடித்துவிடும். கொதிநீர் ஊறலை நீர் நிறமில்லாமல் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். எனக்கு இரண்டு முறையில் முடிந்ததும் உண்டு, கருநீலத்துக்கு ஐந்து முறை ஆனதும் உண்டு.

மஞ்சள், ஊதா, பச்சை, சிவப்பு என நான்கு நிறம் ஊற்றினேன். நடுவில் எல்லாம் சேற்று நிறமாகிவிட்டது.
– வாசகர், புதுச்சேரி

மஞ்சளும் ஊதாவும் எதிரிகள். சிவப்பும் பச்சையும் அப்படியே. எதிரிகளை அடுத்தடுத்த பங்கில் வைத்தால் அவை சந்திக்கும் எல்லையில் சேறுதான் பிறக்கும். மஞ்சளுக்கு ஒரு பக்கம் சிவப்பையும் மறுபக்கம் நீலத்தையும் வைத்துப் பாருங்கள்: எல்லைகளில் ஆரஞ்சும் பச்சையும் நீங்கள் ஊற்றாமலேயே கிடைக்கும். மூன்று பாட்டிலுக்கு மேல் வாங்கத் தேவையே இல்லை.

எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் எனக்கு வெள்ளையே கிடைப்பதில்லை. என்ன செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

ரப்பர் பேண்டு நீளும் பொருள். ஈரத்தில் துணி ஊதும்போது அதுவும் கூடவே விரிந்து கொடுத்துவிடும் என்பதால், கூர்மையான வெள்ளை வேண்டுமென்றால் நூலால்தான் கட்ட வேண்டும். கொஞ்சம் மெழுகு தேய்த்த முரட்டு நூலை, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல் ஒரு சுற்றோடு ஒரு சுற்று ஒட்டியபடி பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றி, கடைசிச் சுற்றில் சுருக்குப் போட்டு இழுங்கள். இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். சாயம் ஊற்றிய துணியை அதன் சாயத் தண்ணீரிலேயே உட்காரவைத்தால், எந்தக் கட்டும் இரவு முழுக்கத் தாங்காது. பையில் போடுவதற்கு முன் கம்பித் தட்டில் கால் மணி நேரம் வடியவிடுங்கள்.

ரசாயனமே வேண்டாம் என்று மஞ்சள்தூளிலும் பீட்ரூட் சாற்றிலும் செய்ய நினைக்கிறேன். நிற்குமா?
– இல்லத்தரசி, ஈரோடு

பீட்ரூட் நிற்காது, முதல் சலவையோடு விடைபெற்றுவிடும். மஞ்சள் பருத்தியில் எளிதாக ஏறும், சோப்புக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்; ஆனால் வெயிலில் வெளிறிவிடும். மஞ்சளோடு ஒரு வேடிக்கையும் உண்டு. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பாகிறதல்லவா? சோடாவில் ஊறிய பனியனில் மஞ்சள் கரைசலை ஊற்றினாலும் அதே சிவப்பு வரும், சோடா போக அலசியதும் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பிவிடும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான விளையாட்டு. பிறந்தநாள் சட்டைக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம்.

இயற்கைச் சாயமே நிற்காது என்று இதற்குப் பொருளில்லை. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளைந்த சாயவேர், இம்பூரல் என்றும் சொல்வார்கள், தந்த சிவப்பு கடல் கடந்து விலைபோனது. ஆனால் அந்தச் சிவப்பு வேரை வேகவைத்த மாத்திரத்தில் கிடைத்ததன்று. துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, பிறகுதான் வேரின் சாற்றில் வேகவைத்தார்கள். படிகாரமே அங்கே சாயத்தையும் இழையையும் சேர்த்துப் பிடிக்கும் கை. ரசாயனம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள்; படிகாரமும் ரசாயனம்தான், அது நம் வீட்டு அலமாரியில் பழகிய ரசாயனம், அவ்வளவே.

நாங்கள் வீட்டில் செய்வதும் மதுரைச் சுங்குடியும் ஒன்றுதானா?
– ஆசிரியை, மதுரை

கொள்கை ஒன்று: கட்டிய இடத்தில் சாயம் போகாது. கைவேலையில் இரண்டுக்கும் பெருந்தொலைவு. குஜராத் பகுதியிலிருந்து புறப்பட்டு, பல ஊர்களில் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையில் நிலைபெற்ற சௌராஷ்டிர மக்களின் கலை சுங்குடி. அவர்கள் விட்டுவந்த நிலத்தில் ஜாம்நகரிலும் கச்சிலும் இன்றும் நடக்கும் பாந்தினி என்ற முடிச்சுச் சாயக் கலை அதற்கு உறவு. சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த முடிச்சைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். மடித்த துணியில் குறித்த புள்ளியை நகநுனியால் கடுகளவு தூக்கி, அதன் கழுத்தில் நூலை நாலைந்து முறை சுற்றி, முடிச்சைத் தனியாகப் போடாமல் அதே நூலை அறுக்காமல் அடுத்த புள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகள். சாயம் தோய்த்து உலர்ந்த பின் துணியை இரு பக்கமும் பிடித்து இழுத்தால், முடிச்சுகள் படபடவென்று அவிழ்ந்து சிதறும். நூல் சுற்றிய கழுத்து வெள்ளை வளையமாகவும், வெளியே நீட்டிக்கொண்டிருந்த உச்சி நடுவில் சாயப் பொட்டாகவும் நிற்கும். அந்தப் பொட்டும், விரலில் தட்டுப்படும் சிறு புடைப்பும்தான் கைமுடிச்சின் அடையாளங்கள். இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் மெழுகு அச்சிலும் திரை அச்சிலும் செய்தவையே அதிகம். அவற்றில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், துணியோடு துணியாகத் தட்டையாக இருக்கும். அச்சுச் சேலை கட்டுவதில் குற்றமில்லை. கைமுடிச்சு விலை கொடுத்து அச்சை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மாணவிகளுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் பனியனில் தொடங்காதீர்கள். இழுத்தால் நீளும் பின்னல் துணியில் சிறு முடிச்சு நிற்காது. கைக்குட்டை அளவு 'வாயில்' (voile) எனப்படும் மெல்லிய பருத்தித் துணியில், ஒரு துவரம்பருப்பை உள்ளே வைத்துக் கட்டப் பழகட்டும். பத்து முடிச்சு ஒரே அளவில் வந்த பிறகு பருப்பை எடுத்துவிடலாம்.

சாயத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? திருப்பூரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.
– வாசகர், திருப்பூர்

கேட்க வேண்டிய ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். சாயக்கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் நிறத்தைவிடப் பெரிய பங்கு உப்புக்கு. பெரிய தொட்டி நிறைய நீரில் கரைந்திருக்கும் சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளுவதற்குச் சாயப்பட்டறைகளில் உப்பைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்த உப்பு எளிய சுத்திகரிப்பில் பிரியாது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதற்கும், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறை கட்டாயமானதற்கும் பின்னால் இருந்த துயரத்தில் உப்பின் பங்கு பெரிது.

சாயத்தைப் பாட்டிலிலிருந்து நேரே துணியில் ஊற்றும் நம் முறையில் உப்பே தேவையில்லை. ஒரு பனியனுக்கு மிஞ்சுவது சில கிராம் சாயமும் கொஞ்சம் சோடாவும். அதைத் தாராளமான நீரோடு வீட்டுச் சாக்கடையில் விடலாம். கிணற்றடியிலோ செடிகளின் தூரிலோ ஊற்றக் கூடாது, ஏனென்றால் சோடா மண்ணை உவராக்கும். தேவைக்கு மேல் கரைக்காமல் இருப்பதே எல்லாவற்றிலும் சிறந்த வழி. மிஞ்சிய சாயத்தைப் பழைய கைக்குட்டைகளுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். சோடா கலக்காத கரைசல் மூன்று நான்கு நாள் தாங்கும், சோடா பட்டது சில மணி நேரத்தில் செத்துவிடும்.

எட்டு வயதுப் பெண் செய்ய ஆசைப்படுகிறாள். பயமில்லையா?
– தாய், சேலம்

கரைத்த சாயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு ஊற்றுவதில் பயமில்லை. பயப்பட வேண்டியது உலர்ந்த தூளுக்கு. மூக்கு வழியாக உள்ளே போனால் சிலருக்கு ஒவ்வாமையும் மூச்சிரைப்பும் உண்டாகும். ஆகவே தூளை எடை போட்டுக் கரைக்கும் வேலையை, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து, நீங்களே முடித்துவிட்டுப் பிறகு பெண்ணைக் கூப்பிடுங்கள். சோடாக் கரைசல் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்புச் சட்டையைக் கட்டி பிளீச்சிங் திரவத்தில் தோய்த்தால் வெள்ளைச் சுருள் வருமா?
– மாணவி, நாகர்கோவில்

சுருள் வரும், வெள்ளை வராது. பெரும்பாலான கறுப்புகள் துருநிறத்திலோ ஆரஞ்சிலோ போய் நின்றுவிடும், அதுவும் அழகுதான். திரவத்தைச் சம அளவு நீர் கலந்து நீர்த்து, நிறம் மாறுவதைக் கண்கொட்டாமல் பார்த்து, பத்து நிமிடத்துக்குள் எடுத்து அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் துணி இற்றுப்போகும். திரவத்தின் வேலையை நிறுத்துவதற்காக வினிகர் ஊற்றச் சொல்வதைக் கேட்டால் உடனே மறந்துவிடுங்கள். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; கழிவறை அமிலமும் அப்படியே. மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து.

கெட்டுப்போன சட்டையை மீட்க வழி உண்டா?
– வாசகர், காரைக்குடி

உண்டு. பாந்தினிக்காரர்கள் வெளிர் நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குப் போவார்கள்: முதலில் மஞ்சளில் தோய்த்து, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களைக் கட்டி, சிவப்பில் தோய்த்து, மறுபடி கட்டி, கடைசியில் கறுப்புக்குப் போவார்கள். கெட்டுப்போனதாக நீங்கள் நினைக்கும் சட்டை அந்த வரிசையின் முதல் படியில் நிற்கிறது, அவ்வளவுதான். முதல் கடிதம் எழுதிய சின்னாளபட்டி வாசகிக்கும் இதுவே பதில். அந்த ரோஜா நிறச் சட்டையைக் கொதிநீரிலும் சோப்பிலும் போட்டு, கழன்று வருவதையெல்லாம் வரவிட்டு, எஞ்சும் வெளிர் நிறத்தை வெள்ளைக்குப் பதிலாக வைத்துக்கொண்டு, நூலால் இறுக்கிக் கட்டிக் கருநீல ரியாக்டிவ் சாயம் கொடுங்கள். கருநீலத்தில் இளஞ்சிவப்பு வட்டங்கள் மிக நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு முன் உள்தையல் ஓரத்துத் துணியிலிருந்து நான்கு இழைகளை உருவிக் கொளுத்திப் பார்த்துவிடுங்கள்.